நெளியும் கதிர்

ஈரப் பஞ்சை அண்ணன் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கட்டத்தைப் பெருசா போட்டுட்டேன்மா."

நாலு நாளாகக் காய்ச்சலில் என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார். நேற்று நர்ஸைப் பார்த்து, "பூனைக்கு வீட்டுப்பாடம் முடிஞ்சுதா?" என்று கேட்டிருந்தார். அதனால் அவள், "சரிண்ணா, படுங்க" என்றாள்.

பிடி தளரவில்லை. "கம்ப்யூட்டர்ல குழாயைக் கட்டம் கட்டமாப் பிரிச்சுத்தான் கணக்குப் போடுவோம். எலக்ட்ரான் கதிர் பிளாஸ்மாங்கிற மின்வாயுக்குள்ள சின்னதா நெளிஞ்சா, பெரிய கட்டத்துல தெரியாது. நேராப் போகும்னு எழுதிக் கொடுத்துட்டேன். நெளிஞ்சுதுன்னா குழாயைத் துளைச்சிடும். மாப்பிள்ளை அங்கதான..."

அதற்குமேல் பேச்சு வரவில்லை. சற்று நேரத்தில் மூச்சும் அடங்கியது. நர்ஸ் வந்து நாடி பார்த்துவிட்டு, அவள் தோளில் கை வைத்தாள்.

மணி ஒன்றரை. இரண்டு மணிக்கு, அண்ணன் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் முதல் முறையாக முழு வேகத்தில் கதிரைச் செலுத்தப் போகிறார்கள். அந்தக் குழாயை ஒட்டி நிற்கும் மெக்கானிக் அவள் கணவன்.

அழுகை வரவில்லை. போனை எடுத்தாள். அண்ணன் போய்விட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுவான். ஆனால் அவன் இடத்தில் இன்னொருத்தி வீட்டுக்காரன் நிற்பான்.

"என்னாச்சு? மச்சான் எப்படி இருக்காரு?"

"உங்க சீஃப்கிட்ட போனைக் குடுங்க."

அண்ணன் சொன்னதை அவள் அப்படியே சொல்ல, சீஃப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ஆறு மாசம் ஓட்டிப் பார்த்த கணக்கும்மா. காய்ச்சல்ல ஏதாவது உளறியிருப்பார். நினைவு தெளிவா இருந்துதா?"

அவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெளிவாத்தான் சொன்னார்."

"அவர்கிட்ட ஒரு நிமிஷம் குடுங்களேன்."

"இனிமே முடியாது சார்."

மறுமுனையில் இயந்திரத்தின் உறுமல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

கணவன் வந்து சேர்ந்த பிறகும் அன்றைக்கு முழுக்க அவளுக்கு அதே யோசனைதான். அண்ணன் சொன்னது பிதற்றலாக இருந்தால், பொய் சொல்லி அத்தனை பேர் வேலையைக் கெடுத்தவள் ஆவாள். உண்மையாக இருந்தால்? அதை நினைக்கவே முடியவில்லை. கணவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால்கூட, எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள்.

மறுநாள் அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது சீஃப் வாசலில் காத்திருந்தார். சின்னக் கட்டங்களில் மறுபடி ஓட்டிய கணக்கின் படத்தைக் கொண்டுவந்திருந்தார். உள்ளே வந்து மேசையில் விரித்தார். கதிரைக் காட்டும் கோடு பாதி தூரம் நேராகப் போயிற்று. அப்புறம் லேசாக நெளிந்தது, போகப்போகப் பெரிதாக நெளிந்து, குழாயின் சுவரில் போய் முட்டியது.

முட்டிய இடத்துக்குச் சற்று வெளியே கணவன் விரலை வைத்தான்.

"நான் இங்கதான் நிப்பேன்."

அவள் அந்த விரலைப் பிடித்து, மெதுவாகத் தாளை விட்டு எடுத்தாள்.