பலகையில் ஒட்டிய பதக்கம்

முத்துசாமிக்குத் தண்ணீரில் கண்டம் என்று பாக்கியலட்சுமி எப்போதோ முடிவுகட்டிவிட்டாள். ஜாதகத்தைப் பார்த்து அல்ல, மனுஷனைப் பார்த்து. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போனால் பாயை விட்டு இறங்க மாட்டார். "ஜூரோங்ல கப்பல் கட்டுற ஆளு, கால் நனைக்கப் பயப்படுறாரு லா!" என்று பிள்ளைகள் முன்னாலேயே கேலி செய்வாள். அவரும் சிரித்து மழுப்பிவிடுவார்.

அவர் போய் நாளையோடு ஒரு வருஷம். படையலில் அவர் படத்துக்குப் பக்கத்தில் வைக்க, பலகையில் ஒட்டிக்கிடந்த பழைய வெள்ளிப் பதக்கத்தை மெருகேற்றலாம் என்று மகள் இனியாவோடு சிராங்கூன் ரோட்டு நகைக்கடைக்கு வந்திருந்தாள். அது பந்து விளையாட்டில் வாங்கியது என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

கடைக்காரர் வேலாயுதம் பதக்கத்தைப் பலகையிலிருந்து நெம்பி எடுத்தார். ஒட்டியிருந்த பக்கம் முழுக்க ஆங்கில எழுத்து. இனியா வாங்கிப் படித்தாள்.

"அம்மா, இது ஃபுட்பால் மெடல் இல்ல. உயிரைக் காப்பாத்தினதுக்குக் குடுத்தது. அப்பா பேரு போட்டிருக்கு. காலாங் ஆத்து வெள்ளத்துல ஒரு பையனைக் கரை சேர்த்துட்டு, இன்னொருத்தனுக்காகத் திரும்பவும் குதிச்சாராம்." தேதியையும் சொன்னாள்.

பாக்கியலட்சுமி கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டாள். அதே ஆறு, அதே நாள். அந்த இன்னொருத்தன் அவள் தம்பி ரஞ்சன்.

காப்பாற்றப் போனவன் யாரென்று அவள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எவனோ ஒருத்தன் யார் வீட்டுப் பிள்ளையையோ தூக்கிக்கொண்டு, நம் பிள்ளையை ஆற்றோடு விட்டுவிட்டான் என்பதுதான் பேச்சு. ஒவ்வொரு வருஷமும் ரஞ்சனின் நினைவு நாளில் இலை போட்டதும் அவள் அம்மா ஆரம்பித்துவிடுவாள்: "அந்தப் பாவி கை விளங்குமா?" பாக்கியலட்சுமியும் சும்மா இருந்ததில்லை, கூடச் சேர்ந்து வாய் வலிக்கத் திட்டுவாள். முத்துசாமி அன்று லீவு போட்டுவிட்டு, மாமியார் இலையில் சோறு பரிமாறிக்கொண்டிருப்பார். அதே கையால்.

பெண் பார்க்க வந்த அன்று, மாலை போட்ட ரஞ்சனின் படத்தைக் காட்டி யாரென்று கேட்டார். சொன்னதும் தண்ணீர் வாங்கி ஒரு சொம்பு முழுவதையும் காலி செய்தார். மாப்பிள்ளைக்குப் பயம் என்று எல்லாரும் சிரித்தார்கள். அப்போதே தெரிந்துதான் கட்டிக்கொண்டாரா?

"ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா, மனுஷா!" கடையென்றும் பாராமல் கத்திவிட்டாள். கோபமா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"அம்மா... அது ரஞ்சன் மாமாவா?" இனியா தேதியை இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள்.

வேலாயுதம் ஒன்றும் புரியாமல் பதக்கத்தை மெருகேற்றிக் கொண்டுவந்து வைத்தார். "பழையபடியே பலகையில ஒட்டிடவாம்மா?"

நாளை அவளுடைய அண்ணன்மார் குடும்பத்தோடு வருவார்கள். திட்டிய வாய் அத்தனையும் வரும்.

"எழுத்து வெளிய தெரியுற மாதிரி ஒட்டுங்க," என்றவள் மகள் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு இலை போட்டதும் இதைச் சத்தமாப் படி, இனியா."