பொலித்தீன் பிரிக்காத சறுக்குப் பலகை

"அந்தச் சாவியக் குடுங்கண்ணே, பத்தே பத்து நிமிசம்..."

"சாவி எங்கிட்ட இல்லன்னு சொல்றேன்ல டீச்சரம்மா..."

"அப்ப இடுப்புல தொங்குறது என்ன, தாயத்தா?"

"அது ஆபீசு சாவி. எங்கிட்ட இருந்தா என்னோடது ஆயிருமா?"

"மழ விட்டிருக்கு. பதினாலு புள்ளைங்க காலைல இருந்து பாயிலயே..."

"மழ எனக்குந்தான் விட்டிருக்கு. அதுக்காக வேலிய ஒடைக்கச் சொல்றீங்களா?"

"ஒடைக்கவா சொன்னேன்? தொறக்கத்தானே சொன்னேன்!"

கலஹாவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால், பச்சைக் கம்பி வேலிக் கதவின் முன் நின்றுகொண்டு தர்ஷிகா டீச்சரும் வாச்சர் சின்னமுத்துவும் இப்படிக் கத்துவது புதிதல்ல. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் காலையில் அவளிடம் விட்டுச் செல்வார்கள். வேலிக்குள் ஒரு சறுக்குப் பலகை, இரண்டு ஊஞ்சல், ஏறி விளையாட ஒரு கம்பிக்கூடு. எல்லாம் வந்திறங்கிப் பதினோரு வாரமாகிறது. லொறியில் வந்தபோது சுற்றியிருந்த பொலித்தீன்கூட இன்னும் பிரிக்கப்படவில்லை. ஏணியின் குறுக்கே கட்டிய சிவப்பு ரிப்பன் மழையில் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. பெரிய ஐயா ஒருவர் வந்து அதை வெட்ட வேண்டும். வெட்டும்வரை எவரும் தொடக்கூடாது என்பது உத்தரவு.

"போன மாசம் ஆடு வந்து ரிப்பனக் கடிச்சிருச்சி. ஏன் கடிச்சிச்சின்னு என்னைய வெளக்கம் எழுதித் தரச் சொன்னாங்க. நான் ஆட்டுகிட்டயா போய்க் கேக்க?" என்றார் சின்னமுத்து.

தர்ஷிகாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நிதுஷாவுக்காகவாச்சும் தொறங்கண்ணே. ஜனவரி பொறந்தா அவ பள்ளிக்கொடம் போகணும். எண்பத்தேழு படி."

அந்தப் படிகளைச் சின்னமுத்துவுக்கும் தெரியும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போக வேறு வழி கிடையாது.

நிதுஷா இங்கே வந்தபோது மூன்றரை வயது. அதுவரை படுக்கையில் கிடந்த அப்பாயியின் காலடியில், கையில் ஒரு போனோடு, லயக் காம்பராவுக்குள்ளேயே கிடந்த பிள்ளை. வாசற்படியைக்கூடச் சுவரைப் பிடிக்காமல் தாண்டமாட்டாள். கிளினிக்கில் காட்டினார்கள். "எலும்புக்கும் ஒன்னுமில்ல, நரம்புக்கும் ஒன்னுமில்ல. ஓடவிடுங்க, ஏறவிடுங்க, விழுந்தா விழட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார் மிட்வைப் மிஸ்ஸி.

அப்போது பின்பக்கத்தில் ஒரு மண்மேடு இருந்தது. பிள்ளைகள் வெற்று உரச் சாக்கை இழுத்துக்கொண்டு மேலே ஏறுவார்கள். சாக்கில் உட்கார்ந்து கீழே சறுக்குவார்கள். நிதுஷா ஒரு மாதம் கீழேயே நின்று பார்த்தாள். பிறகு நாலு காலில் பாதி மேடு. பிறகு ஒருநாள் உச்சியில் நின்றுகொண்டு, "டீச்சர், நான் ஒசரத்துல இருக்கேன்!" என்று கத்தினாள். கால்சட்டையெல்லாம் சேறு. அன்று மாலை அவளுடைய அம்மா சர்மிளா, சேற்றைப் பார்த்துத் திட்ட வாயெடுத்தவள், விசயத்தைக் கேட்டுவிட்டு அந்தச் சேற்றோடேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த வாரம்தான் தர்ஷிகா தன் மணிமணியான கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதினாள். 'எமது சிறார்கள் உரச் சாக்கில் சறுக்கி விளையாடுகின்றனர். பாதுகாப்பான சறுக்குப் பலகையொன்றைத் தந்துதவுமாறு தயவுடன் வேண்டுகிறேன்.'

தந்துதவினார்கள். அதை நிறுத்தச் சமதரை வேண்டுமென்று பெக்கோ இயந்திரம் வந்து மேட்டை ஒரே காலையில் வழித்தது. பெக்கோக்காரருக்கு அவளே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

பிள்ளைக்காம்பராவின் முன்பக்கம் ஃபெக்டரி லொறிகள் போகும் பாதை, பக்கவாட்டில் மழைத்தண்ணீர் ஓடும் கான். ஆகவே இப்போது பதினாலு பிள்ளைகளும் உள்ளே. மேசைக்கடியில் தவழவிட்டாள், பாயைச் சுற்றித் தவளை மாதிரிக் குதிக்கவிட்டாள். இடம் போதாமல் நெற்றியோடு நெற்றி மோதிக்கொண்டு அழுதார்கள். நிதுஷா மோதவில்லை. அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பொலித்தீனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வெள்ளிக்கெழம பெரிய ஐயா கட்டாயம் வாறாராம்" என்றார் சின்னமுத்து, சமாதானமாக. "அஞ்சு நாளுதான் டீச்சரம்மா. அஞ்சு நாளு பொறுத்துக்கங்க."

"இது எத்தனாவது வெள்ளிக்கெழம?"

"நாலாவது" என்றார் அவர், தயங்காமல்.

*

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே பிள்ளைகள் தலைவாரி, பௌடர் பூசி, ஆளுக்கொரு செவ்வந்திப் பூவோடு வேலியோரம் வரிசையாக நின்றார்கள். தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் ராஜலிங்கம் வெற்றிலைத் தட்டை நாலு தரம் இடம் மாற்றி வைத்தார். புதுக் கத்தரிக்கோல் ஒன்றும் தட்டில் இருந்தது. ஒன்பதானது, பத்தானது. இரண்டு பிள்ளைகள் பூவின் இதழ்களைத் தின்றுவிட்டார்கள். பதினொன்றரைக்கு ராஜலிங்கத்தின் போன் அடித்தது. அவர் பாதை வளைவுவரை நடந்துபோய்ப் பேசிவிட்டு வந்தார்.

"பல்லேகலைல வேற வைபவமாம் டீச்சர். அங்கருந்து நேரா கொழும்பு போறாராம்."

"அப்ப எப்பங்கய்யா?"

"பொங்கல் முடியட்டும்னாங்க."

"பொங்கலுக்குள்ள இதுல ஆறு புள்ளைங்க பள்ளிக்கொடம் போயிருங்கய்யா. நீங்களே வெட்டுங்களேன். கத்தரிக்கோலு இருக்கு, ரிப்பன் இருக்கு, புள்ளைங்க இருக்கு."

"ஐயோ டீச்சர், நான் வெட்டினா என் கழுத்த வெட்டிருவாங்க. அவரு பேரு அடிச்ச கல்லு வேற வந்து கெடக்குது." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்குவோம். 'பிள்ளைகளின் உடற்பயிற்சிச் செயற்பாடுகள்'னு மாசாமாசம் கேக்குறாங்க. அறிக்கைக்கு ஒன்னு வேணும்."

"போன மாசமும் எடுத்தீங்களே?"

"போன மாசம் வேற மாசந்தானே?"

சின்னமுத்து கதவைத் திறந்துவிட்டார். பிள்ளைகள் அடித்துப் பிடித்து ஓடப் பார்த்தார்கள். "ஓடக்கூடாது! தொடக்கூடாது! பொலித்தீன் கிழிஞ்சிரும்!" என்று ராஜலிங்கம் கைகளை விரித்து மறித்தார். பிறகு ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்து நிறுத்தினார். நிதுஷாவை ஏணியின் பக்கத்தில், ரிப்பனுக்கு நேரே நிறுத்தினார்.

"கைய ஒட்டி வச்சிக்க. ஆ, சிரி. இன்னும் கொஞ்சம். கெட்டிக்காரி! பாத்தீங்களா டீச்சர், இந்தப் புள்ளதான் அசையாம நிக்குது. போன தடவையும் இதுதான்."

தர்ஷிகா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். போட்டோ முடிந்ததும் கதவு மறுபடி பூட்டப்பட்டது.

*

பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு, தலையில் கட்டிய சாக்கோடேயே வந்தாள் சர்மிளா.

"தொறந்தாச்சா டீச்சர்? புள்ள ஏறிச்சா?"

"வரலங்க அக்கா. பொங்கலுக்குப் பொறகாம்."

சர்மிளா வேலியைப் பார்த்தாள். "நேத்து சாயங்காலம் படிக்குக் கூட்டிப் போனேன். அஞ்சு படி ஏறினா. அப்பறம் ஒக்காந்துட்டா. தூக்குங்கிறா. காலைல ஏழு மணிக்கு நான் கொழுந்து மலைல நிக்கணும். யாரு டீச்சர் தூக்குவா?"

"நான் காலைல வந்து..."

"நீங்க எத்தன புள்ளையத் தூக்குவீங்க? மேடு இருந்தப்ப ஏறினா. என் கண்ணால பாத்தேன். எதுக்கு டீச்சர் அந்த லெட்டர எழுதினீங்க? ஒங்கள யாரு கேட்டா?"

"விழுந்து அடிபட்டுரக் கூடாதுன்னு..."

"இப்ப அடிபடல. ரொம்ப சந்தோசம்."

சொன்ன உடனேயே சர்மிளாவின் முகம் மாறிவிட்டது. "மனசுல வச்சிக்காதீங்க டீச்சர். எனக்கு வேற யாரத் திட்டுறதுன்னு தெரியல" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாதி சாப்பாட்டு நேரம் மீதமிருக்கும்போதே மலைக்குத் திரும்பி நடந்தாள்.

பதிமூன்று பிள்ளைகளும் சோறு தின்று, பாயில் புரண்டு தூங்கிவிட்டார்கள். ஆயா வீரம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டினாள். நிதுஷா மட்டும் தூங்கவில்லை; சன்னல் கம்பிக்குப் பின்னால் இருந்தாள். தர்ஷிகா எழுந்து பின்பக்கம் போனாள். சின்னமுத்து வேலிக் கம்பத்தில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். தட்டில் மிஞ்சிய வெற்றிலை.

இந்த முறை அவள் எதுவும் கேட்கவில்லை. சும்மா நின்றாள்.

அவர் இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றிக் கம்பத்தின் தலையில் வைத்தார். "எனக்கு இந்த நேரத்துல சரியா கண்ணு தெரியாது டீச்சரம்மா. பீலிக்கிட்ட போய்த் தண்ணி குடிச்சிட்டு வாறேன். நான் மெதுவாத்தான் நடப்பேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

தர்ஷிகா உள்ளே ஓடி நிதுஷாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். கதவைத் திறந்தாள். ஏணியின் மேலிருந்த பொலித்தீனை இரண்டு கையாலும் கிழித்தாள். ரிப்பனை அறுக்காமல் உயர்த்திப் பிடித்தாள். ஒரு பிள்ளை நுழையுமளவுக்கு இடம் வந்தது. நாலே நாலு படி, மண்மேட்டில் பாதி உயரம்கூட இல்லை.

"ஏறு கண்ணு. யாரும் ஏச மாட்டாங்க. டீச்சர் இருக்கேன்ல? அன்னைக்கி மேட்டுல ஏறினியே, ஒசரத்துல இருக்கேன்னு கத்தினியே, அந்த மாதிரி. ஏறு."

நிதுஷா ஏணிக்குப் பக்கத்தில் வந்தாள். காலையில் நிறுத்திய அதே இடத்தில் நின்றாள். திரும்பி, இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள். பல் தெரியச் சிரித்தாள்.

"ஒரு படி. ஒரே ஒரு படி. எனக்காக."

சிரிப்பு அப்படியே இருந்தது. கீழே பீலிப் பக்கமிருந்து சின்னமுத்து இருமிக்கொண்டே திரும்பி வரும் சத்தம் கேட்டது.

"டீச்சர், போட்டோ எடுத்து முடிஞ்சா சொல்லுங்க. நான் போயி ஒக்காந்துக்கிறேன்" என்றாள் நிதுஷா.