மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறும் படிகள்

வால்வுக்காரர் சமையலறையில் காலை வைத்தால் அடுப்பு அணைந்துவிடும். தெருவுக்கே துணி தைத்துக் கொடுக்கும் அவர் மனைவி முதல் மாதம் சிலிண்டரைக் குறை சொன்னாள், இரண்டாம் மாதம் ரெகுலேட்டரை மாற்றினாள், மூன்றாம் மாதம் அவர் விடுப்பில் வரும் பதினான்கு நாட்களுக்கென்று மின்சார அடுப்பு ஒன்றை வாங்கி வைத்தாள். "நீதான் என் தம்பிக்குப் பயப்படல, அடுப்பாவது பயப்படுதே" என்றாள் நாத்தனார்.

அவர் இருபத்திரண்டு வருடம் கடலுக்குள் நிற்கும் எரிவாயு மேடையில் குழாய் வால்வுகளைத் திறந்து மூடும் வேலை பார்த்தவர். வாயுக் கிணறு வற்றியபோது கம்பெனி மேடையைப் பிரிக்கவில்லை. சுற்றிலும் காற்றாலைகளை நட்டு, அந்த மின்சாரத்தில் பம்புகளை ஓட்டி, கரையிலுள்ள ஆலைகளின் கரியமில வாயுவைப் பழைய குழாய் வழியாகவே கொண்டுவந்து வாயு தீர்ந்த கடலடிப் பாறைக்குள் இறக்கியது. எடுத்த இடத்தில் திருப்பி வைக்கிறோம் என்று சொன்னபோது வால்வுக்காரருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கசிவு பார்க்கும் கருவியை அவர் நம்பவில்லை. பழைய வாயு கசிந்தால் எண்ணெய் வாடை காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பழக்கத்தில் தினமும் காலையில் நாற்பது இணைப்புகளிலும் மூக்கை வைத்து நெஞ்சு நிறைய இழுத்துப் பார்ப்பார். புதிய வாயுவுக்கு வாடையே கிடையாது. கருவி சிவப்பு காட்டினால், கருவி பழுது என்று எழுதிவிட்டு அடுத்த இணைப்புக்குப் போவார். மூன்று வருடம் இப்படியே போயிற்று. கம்பெனி மருத்துவர் அவரைச் சோதித்துவிட்டு உங்களுக்கு ஒன்றுமில்லை என்றார்.

மகளின் ஏழாவது பிறந்தநாளில், அவள் ஊதுவதற்கு முன்பே மெழுகுவத்திகள் அணைந்தன. அப்பா ஏமாற்றிவிட்டார் என்று பிள்ளை அழுதது, மற்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், ஜன்னல்களைச் சாத்திவிட்டு அவர் கட்டிலிலும் மகள் கீழே பாயிலும் தூங்கினார்கள். அந்த வாயு கனமானது, தரையோடுதான் தேங்கும். நூல்கண்டு எடுக்க உள்ளே வந்த மனைவி பிள்ளையின் நீலம் பாய்ந்த உதடுகளைப் பார்த்தாள். வாரித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, மழையில் நிறுத்தி உலுக்கியபோது பிள்ளை இருமியது. அவள் திரும்பி வருவதற்குள் வால்வுக்காரர் யாரும் சொல்லாமலே தலையணையை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போயிருந்தார்.

மேடைக்கு அவர் திரும்பவில்லை. மாடியில் காற்று அவர் விடும் மூச்சைக் கலைத்துக்கொண்டே இருந்தது. தொட்டியிலிருந்த தக்காளிச் செடிகள் இரண்டு ஆள் உயரம் வளர்ந்தன. காற்று ஓய்ந்த நாட்களில் அவள் மாடிக் கதவின் அடியில் ஈரத்துணியைச் செருகினாள். அவள் மூச்சு நாற்பது எண்ணும்வரை தாங்கும். பதினைந்து சாப்பாட்டுத் தட்டை வைக்க, பத்து பழைய தட்டை எடுக்க, மீதி அவர் முகத்தைப் பார்க்க. அந்த மூச்சில் ஒரு வாக்கியம் பேசலாம். எத்தனையோ சொல்ல இருந்தும் அவள் பெரும்பாலும் "உப்பு போதுமாங்க?" என்றுதான் கேட்டாள். இறங்கி வந்து கதவைச் சாத்திய பிறகு, கேட்டிருக்க வேண்டியதெல்லாம் ஞாபகம் வரும். நாத்தனார் அவளை நெஞ்சழுத்தக்காரி என்றாள். அது ஒருவகையில் சரிதான் என்று அவளுக்கே தோன்றியது.

இரண்டு வருடம் கழித்து, இலைகூட அசையாத ஒரு காலையில் அவர் தட்டை வாங்கிக்கொண்டு சொன்னார்: "டாக்டர் சரியாத்தான் சொன்னான். எனக்கு ஒண்ணும் இல்ல. உள்ள இருக்கிறதெல்லாம் கம்பெனியோடது."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தால் மூச்சை இழுக்காமல் முடியாது. எண்ணிக்கை தவறியது. தவறிய பின் எண்ணுவது எதற்கு என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாளும் உட்கார்ந்தாள், அதற்கு மறுநாளும்.

மாதக் கடைசியில் ஒருநாள், மகளுக்குப் பால் காய்ச்ச அவள் அடுப்பைப் பற்றவைத்ததும் சுடர் தலை குனிந்தது. அவள் ஒரு அடி பின்வாங்கினாள், நிமிர்ந்தது. மறுபடி முன்னால் வந்தாள், அணைந்தது. தீப்பெட்டியைத் தேடவில்லை. மகளின் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்து, பள்ளிக்கூடம் விட்டதும் அத்தை வீட்டுக்குப் போகச் சொல்லி வாசலோடு அனுப்பிவிட்டு, தையல் மிஷினை மாடிக்கு ஏற்ற ஆள் கூப்பிடப் போனாள்.