வெள்ளைப் பக்கம் பசை

லேபிள் பிரஸ் சம்சு அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது கையில் தண்ணீர் நிரம்பிய பாலிதீன் பை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மீன். வாசல் நிலையில் இடித்துக்கொண்டவன் நெற்றி மாதிரி அதன் நெற்றி புடைத்திருந்தது.

"கமரு, இங்கன வா. ராய்ப்பூர் பார்ட்டி கொடுத்தாரு. பிளவர்ஹார்னாம். இதுக்கு மண்டை வளர வளர நமக்கு யாவாரம் வளருமாம்."

"யாவாரத்துப் பரக்கத்த அல்லா மீன் மண்டையிலயா கொண்டுபோய் வச்சான்?" என்றாள் கமருன்னிசா.

"ஆரம்பிச்சிட்டியா? நல்லதா ஒண்ணு கொண்டாந்தா ஒடனே வாயத் தொறந்துருவியே."

சம்சு கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, பெண்டாட்டி மேல் கை வைத்தது கிடையாது. வாய் மட்டும் உண்டு. பிரஸ்ஸில் மிஷின் நின்றாலும், பேப்பர் லோடு வராவிட்டாலும், கரண்ட் போனாலும் வீட்டுக்கு வந்து கமருன்னிசாவிடம்தான் சண்டை. அவளும் லேசுப்பட்டவள் இல்லை, பேச்சுக்குப் பேச்சு கொடுப்பாள். மகள் சுமைரா கல்யாணமாகிக் கடையநல்லூர் போன பிறகு விலக்கிவிடவும் ஆள் இல்லை. அந்த வீட்டில் சத்தம் போடாத ஜீவன் என்றால் கூடத்துத் தொட்டியில் இருந்த கோல்டு மீன்கள்தான். சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு அவற்றின் முன்னால் உட்கார்ந்தால் கமருன்னிசாவுக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறும். நேராக அந்தத் தொட்டியில்தான் சம்சு பையை அவிழ்த்துக் கவிழ்த்தார்.

"ஏங்க, இது அதுகளோட சேருமான்னு கேட்டீகளா?"

"மீனும் மீனும் சேராம, ஆடும் மாடுமா சேரும்? போவியா."

மறுநாள் காலை ஒரு கோல்டு மீனுக்கு வால் இல்லை. மத்தியானம் உயிரும் இல்லை.

மண்டையன் என்று அதற்குப் பேர் வைத்தாள். வைக்காமல் என்ன செய்வது, திட்டுவதற்கு ஒரு பேர் வேண்டாமா? வயிறு நிறைந்தால் குணம் மாறும் என்று முதலில் அதற்கே இரை போட்டாள். தின்றுவிட்டு இன்னும் தெம்பாகத் துரத்தியது. தொட்டிக்குள் கல்லையெல்லாம் இடம் மாற்றி வைத்தால் எது தன் இடம் என்று குழம்பிச் சும்மா இருக்கும் என்றான் மீன் கடைக்காரன். முழங்கை வரை நனைந்து மாற்றி வைத்தாள். அரை நாள் குழம்பியது. பிறகு தொட்டி முழுக்கவே தன் இடம் என்று முடிவு செய்துகொண்டது. இன்னொரு கோல்டு மீனும் போனது.

"ஒண்ணு அத எடுங்க, இல்ல எனக்கு வேற தொட்டி வாங்கிக் குடுங்க. பொணம் அள்ளி அள்ளி எனக்குக் கை ஓஞ்சு போச்சு."

அதற்கும் ஒரு பாட்டம் ஏச்சு வாங்கித்தான் சின்னத் தொட்டி ஒன்று வந்தது. பிளக் பாயிண்ட் இருந்த இடம் அது ஒன்றே என்பதால் இரண்டு தொட்டிகளையும் ஒரே பெஞ்சில் ஒட்ட ஒட்ட வைத்தார்கள். மிச்சமிருந்த கோல்டு மீன்கள் பிழைத்தன என்று நினைத்தாள். எங்கே? மண்டையன் கண்ணாடி வழியாக அவற்றைப் பார்த்துவிட்டு நாள் முழுக்க முட்டியது. இவை ஒரு மூலையில் ஒடுங்கி, போட்ட இரையைக்கூடத் தொடவில்லை.

மறைப்புப் போட வேண்டியதுதான். சிவகாசியில் மறைப்புக்கு என்ன பஞ்சம்? வெடிப் பெட்டிக்கு ஒட்டுகிற சில்வர் பேப்பர் பிரஸ்ஸில் மிஞ்சி, வீட்டில் அலமாரித் தட்டு முதல் அரிசிப் பானை மூடி வரை கிடந்தது. ஒரு ஷீட்டை அளந்து வெட்டி, கோல்டு மீன் தொட்டியின் பக்கவாட்டில் வெளிப்புறமாக ஒட்டினாள். பளபளப்புப் பக்கம் பசை பட்டால் ஷீட் வேஸ்ட். பசை எப்போதும் வெள்ளைப் பக்கம்தான். அது இந்த ஊரில் யாரும் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, கை தானாகச் செய்யும். அவள் கையும் அப்படியே செய்தது.

அன்று சாயங்காலமே கோல்டு மீன்கள் மூலையை விட்டு வந்து இரை தின்றன. கமருன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பக்கம் முட்டுகிற சத்தம் நிற்கவில்லை. முன்னைவிட அதிகம். என்னடா இது என்று குனிந்து பார்த்தாள். அதன் பக்கம் திரும்பியிருந்த பளபளப்பில் இன்னொரு மண்டையன் நின்றது. இது செவுளை விரித்தால் அதுவும் விரித்தது, இது பாய்ந்தால் அதுவும் பாய்ந்தது. இரண்டுக்கும் மேலே அவளுடைய முகம், கண்ணுக்குக் கீழே கறுத்து, அம்புட்டுச் சோர்ந்து போய்.

"அடச்சே, மாத்தி ஒட்டிட்டேனே" என்று உரிக்கப் போனவளை சம்சு தடுத்தார்.

"தொடாத! மண்டையைப் பாத்தியா, எம்புட்டு வீங்கிருச்சு! சண்டை இருந்தாத்தான் அதுக்கு மண்டை வளருமாம், பார்ட்டி சொன்னாரு. அடுத்த வாரம் அவரு வரும்போது இதக் காட்டணும். ஆர்டர் நமக்குத்தான்."

"அது சாகப்போகுதுங்க."

"ஆமா, நீ பெரிய மீன் டாக்டரு!"

அவள் பதில் சொன்னாள். அவர் பதிலுக்குச் சொன்னார். அது ஓய்ந்தபோது இருவருக்கும் தொண்டை கட்டியிருந்தது.

நாலைந்து நாளில் மண்டையனுக்கு உதடு கிழிந்தது. இரை போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே நிற்பவன் தோற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. இது எப்படித்தான் ஓய்வெடுக்கும்? செத்துத் தொலையட்டும் என்று தினமும் சொன்னவள்தான் கமருன்னிசா. இப்போது அதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. சம்சு பிரஸ்ஸுக்குப் போனதும் ஈரத்துணி வைத்து ஊறவிட்டு ஷீட்டைச் சுரண்டி எடுத்தாள். அந்த இடத்தில் பழுப்பு அட்டை ஒன்றைச் செருகினாள். மண்டையன் ஒருமுறை முட்டப் போய், எதிரே யாரும் இல்லாமல் நின்றது. அப்புறம் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இரண்டு நாள் அப்படியே கிடந்தது. புடைப்பும் வற்றியது. ராத்திரி அலுத்து வந்து படுத்துவிட்ட சம்சு கவனிக்கவில்லை.

ராய்ப்பூர் பார்ட்டி வரவில்லை. வேறு பிரஸ்ஸுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டதாகப் போன் வந்தது. சம்சு பட்டப்பகலில் வீட்டுக்கு வந்தார், தொட்டியைப் பார்த்தார், பிடித்துக்கொண்டார்.

"யாரக் கேட்டு உரிச்ச? ஒன்னாலதான்! ஒன் ராசியே இப்படித்தான்! இந்த வீட்ல நான் நிமுந்துரக் கூடாது ஒனக்கு!"

கமருன்னிசாவின் வாய் வழக்கம்போலத் திறந்தது. பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது, நல்ல காரமான பதில். அவள் அதைச் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷமாகச் சொன்னதில் எந்தச் சண்டை முடிந்தது? இவர் முட்ட, அவள் எதிரே நின்று அப்படியே திருப்பி முட்டியதுதான் மிச்சம். அவளுக்கு அலுப்பு உச்சந்தலை வரை ஏறியது.

"எதுக்குடி பேசாம நிக்க? சொல்லு!"

"இந்த வீட்ல ஒங்களுக்கு நான்தாங்க சில்வர் பேப்பரு" என்றாள் மெதுவாக. "எனக்கு அலுத்துப்போச்சு. நானே என்னைய உரிச்சு எடுத்துக்கிறேன்."

அவருக்குப் புரியவில்லை. அவள் உள்ளே போய் நாலு சேலையை மடித்துப் பையில் வைத்த பிறகுதான் பயந்தார்.

"எங்கன போற?"

"சுமைரா வீட்டுக்கு. சோறு ஆக்கி வச்சிருக்கு. மீனுக்கு ஒரு சிட்டிகைக்கு மேல போடாதீக. ஏசுறதுக்கு ஆள் வேணும்னா என்னையக் கூப்பிடாதீக. பேசுறதுக்குன்னா ஒரு போன் போடுங்க."

பஸ் திருவில்லிபுத்தூர் தாண்டுவதற்குள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். கடையநல்லூரிலும் தூக்கம்தான். மகள் ஒன்றும் கேட்கவில்லை, சோற்றுக்கு மட்டும் எழுப்பினாள்.

ஐந்தாம் நாள் சுமைராவின் செல்போன் அடித்தது. "அத்தாதாம்மா பேசுறாக" என்று நீட்டினாள். கமருன்னிசா வாங்கிக் காதில் வைத்தாள்.

"கமரு" என்றார் சம்சு. குரல் அவருடையது மாதிரியே இல்லை. "மண்டையன் இன்னைக்கி இரை எடுத்திருச்சு. அதச் சொல்லலாம்னுதான்."

எப்ப வருவே என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"நீங்க சாப்பிட்டீகளா?"