கானுக்கு முன்னால் நில்

நிஷாந்தினி மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான்காம் வகுப்பு ஆசிரியை. பதுளை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சண்முகராஜாவின் மகள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தால் வெள்ளிக்கிழமைதான் வீடு திரும்புவாள். சிறு பிள்ளைகளுக்குக் கோடிங் கற்பிப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்குப் பதுளையில் ஒரு பயிற்சி நடந்தபோது அவளும் போய் வந்தாள். அங்கே ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தார்கள். அவளுடைய பாடசாலையில் ஒரே ஒரு கணினிதான். அது அதிபர் புவனேந்திரனின் அறையில் பூப்போட்ட துணி போர்த்திக் கிடந்தது. பரீட்சைத் தாள் அடிக்கிற நாட்களில் மட்டும் துணி விலகும்.

அதனால் அவள் கணினி இல்லாமலே தொடங்கினாள். மண்டபத் தரையில் சோக்கால் கட்டங்கள் கீறினாள். ஒரு பிள்ளை இயந்திரம். இன்னொரு பிள்ளை கட்டளை சொல்லி, அந்த இயந்திரத்தை மூலையில் கிடக்கும் பந்து வரைக்கும் நடத்த வேண்டும்.

"இயந்திரத்துக்குச் சொந்தமா யோசிக்கத் தெரியாது. கண்ணும் இல்ல. நீங்க சொல்றத மட்டும் செய்யும். பிழையாச் சொன்னா பிழையாவே செய்யும்" என்றாள்.

கிருஷ்ணராஜ் என்ற பையன்தான் முதல் இயந்திரம். சுவரில் முட்டிய பிறகும், யாரும் நிற்கச் சொல்லாததால், நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். வகுப்பே சிரித்தது. லக்ஷனா மட்டும் எழுந்து கட்டங்களைக் குனிந்து பார்த்துவிட்டு, "எத்தன அடின்னு நாம சொல்லவே இல்ல டீச்சர்" என்றாள். ஒன்பது வயது. அதிகம் பேசாதவள். அன்றிலிருந்து அந்தப் பாடம் வரும் நாளில் அவள் முன் வாங்கில் வந்து உட்கார்ந்தாள்.

விளையாட்டு, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கும் போனது. ஒரு பின்னேரம் லக்ஷனா தன் தம்பி துவாரகனை இயந்திரமாக்கினாள். அவனுக்கு ஐந்து வயது. இயந்திரத்துக்குக் கண் இல்லை என்று டீச்சர் சொன்னதால் அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான். லயத்து வாசலை ஒட்டி மழைத் தண்ணீர் ஓடும் கான். அவள் "முன்னால போ" என்றாள். அந்த நேரம் பக்கத்து வீட்டிலிருந்து யாரோ கூப்பிட, திரும்பிப் பார்த்தாள். தம்பி போய்க்கொண்டே இருந்தான். கானுக்குள் விழுந்து கல்லில் நெற்றி பிளந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள்.

மறுநாள் அவர்களின் அம்மா ராமலட்சுமி, கொழுந்து பறிக்கும் வேலைக்குப் பேர் கொடுக்கிற காலைப் பெரட்டுக்குப் போகாமல் பாடசாலைக்கு வந்தாள். அதிபர் அறைக்கு நிஷாந்தினியையும் கூப்பிட்டார்கள். ராமலட்சுமி கதிரையில் உட்காரவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"கண்ண மூடிக்கிட்டு சொன்னபடி நடக்கணும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாமே டீச்சர்?"

"கண்ண மூடச் சொல்லலைங்க. இயந்திரத்துக்குக் கண் இல்லன்னு சொன்னேன்."

"புள்ளைங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். காலையில இருந்து மலையில ஒருத்தர் சொல்ல நாங்க செய்யிறோம். இந்தப் பக்கம் போ, அந்த நிரையில நில்லுன்னு. எங்க புள்ளைங்களாவது வேற மாதிரி வரட்டும்னுதான் ஸ்கூலுக்கு அனுப்புறோம். இங்கயும் அதையேதான் பழக்குறீங்களா?"

இயந்திரத்துக்குக் கட்டளை சொல்பவர்களாக ஆவதற்குத்தான் இந்தப் பாடம் என்று நிஷாந்தினி சொல்லியிருக்கலாம். தையல் போட்ட ஒரு குழந்தையின் தாயிடம் அதைச் சொல்வது நியாயமாகப் படவில்லை. "என் மேலதான் பிழை" என்றாள்.

ராமலட்சுமி போன பிறகு அதிபர் அந்தப் பாடத்தை நிறுத்திவிட்டார். "அடுத்த வருஷம் இதுங்களுக்கு ஸ்கொலர்ஷிப் பரீட்சை. அதப் பாப்போம் டீச்சர்" என்றார்.

லக்ஷனா பாடசாலைக்கு வந்தாள். ஆனால் பின் வாங்குக்குப் போய்விட்டாள். கேட்டால் மட்டும் பதில். நிஷாந்தினி ஒரு வாரம் பார்த்தாள். பிறகு ஒரு பின்னேரம், சிறுவனைப் பார்க்க வேண்டும் என்று, பிஸ்கட் பக்கெட்டோடு லயத்துக்கு நடந்தாள்.

ராமலட்சுமி அப்போதுதான் மலையிலிருந்து திரும்பிக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். "வாங்க" என்றாள். துவாரகன் நெற்றிக் கட்டோடு ஓடி வந்து பிஸ்கட்டை வாங்கிக்கொண்டான்.

"டீச்சர், நான் திருப்பி மெஷினா இருக்கிறேன். அக்கா மாட்டேங்குது."

லக்ஷனா கதவுக்குப் பின்னால் நின்றாள். நிஷாந்தினி அவளை வற்புறுத்தாமல் படியில் உட்கார்ந்தாள். தேநீர் வந்தது. குடித்து முடிக்கும் நேரத்தில் லக்ஷனா மெல்ல வெளியே வந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கவா? போறதுக்கு முந்தியே சொல்லி வைக்க முடியாதா?"

"என்னத்த?"

"கான் வந்தா நில்லுன்னு. நான் பாக்காட்டியும் அவன் நிப்பான்ல."

நிஷாந்தினி கோப்பையைக் கீழே வைத்தாள். பயிற்சியில் கொடுத்த பாட வரிசையில் இது பல வாரங்களுக்கு அப்பால் இருந்தது. இப்படி நடந்தால் அப்படிச் செய் என்ற கட்டளை. அதை அவள் இன்னும் தொடவே இல்லை.

"முடியும். அப்படித்தான் சொல்லணும். அதுக்கு மெஷினுக்கும் கண் மாதிரி ஒண்ணு வச்சிருப்பாங்க. நான் உங்களுக்கு அதச் சொல்லித் தரல."

துவாரகன் எழுந்துவிட்டான். லக்ஷனா அம்மாவைப் பார்த்தாள். ராமலட்சுமி கையைத் துடைத்தபடி வந்து கானின் ஓரத்தில், விழுந்தால் பிடிக்கிற மாதிரி நின்றுகொண்டாள்.

"கண்ணத் தொறந்துக்கிட்டு" என்றாள்.

"கண்ணத் தொறந்துக்கிட்டே போ. கான் வந்தா நில்லு. நான் கூப்பிட்டாலும் நின்னுக்கிட்டே இரு" என்றாள் லக்ஷனா.

பையன் நடந்தான். கானுக்கு ஒரு சாண் முன்னால் நின்றான். லக்ஷனா கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் அசையவில்லை. அவள் கூப்பிடக் கூப்பிட அவனுக்குச் சிரிப்பு வந்தது. அப்போதும் கால் நகரவில்லை. ராமலட்சுமிக்கும் சிரிப்பு வந்தது.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?" என்று மகளிடம் கேட்டாள்.

"யாரும் இல்லம்மா. நானே யோசிச்சேன்."

"எப்ப?"

"அவன் விழுந்ததுல இருந்து."

 ராமலட்சுமி மகளின் தலையில் கையை வைத்து, கலைந்திருந்த பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னத் தொடங்கினாள். பின்னிக்கொண்டே, "அதிபர் சேர் கிட்ட நான் வந்து சொல்றேன் டீச்சர். கல்லு, கான் இருக்கிற பக்கம் மட்டும் வேணாம்" என்றாள்.

சொன்னபடியே வந்து சொன்னாள். புவனேந்திரன் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையைக் கொடுத்தார். கணினியையும் தொடலாம், ஆனால் தான் அறையில் இருக்கும்போது மட்டும் என்றார். அந்த வெள்ளிக்கிழமை கரண்ட் இல்லை. நிஷாந்தினி பிள்ளைகளைக் கரும்பலகைக்கு முன்னால் உட்கார வைத்து, 'வந்தால்' என்ற சொல்லோடு கட்டளை சொல்லச் சொன்னாள். மழை வந்தால் உடுப்பை எடு. நாய் வந்தால் ஓடாதே. குளவி கலைந்து வந்தால் கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடு. இதைக் கிருஷ்ணராஜ் சொன்னான். மலையில் வேலை செய்கிறவர்களைக் குளவி கொட்டுவது எல்லோர் வீட்டிலும் தெரிந்தது; ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த வெள்ளி கரண்ட் இருந்தது. ஐந்து ஐந்து பேராக அதிபர் அறைக்குப் போனார்கள். லக்ஷனா தன் முறை வந்ததும் திரையில் எந்த உருவத்தை நடக்க வைப்பது என்று பார்ப்பதிலேயே நேரம் முழுவதையும் செலவழித்தாள். கடைசியில் ஒரு சிவப்பு மீனைத் தேர்ந்தாள். அப்போது மணி அடித்துவிட்டது. அவள் முகம் வாடும் என்று நிஷாந்தினி எதிர்பார்த்தாள்.

"பரவாயில்ல டீச்சர். என்ன சொல்லணும்னு வீட்டுல இருந்தே யோசிச்சிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு லக்ஷனா பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.