கைதட்டல் பாக்கி

"அப்பா, நாம கை தட்டலன்னா மாமா எழுந்திருக்கவே மாட்டாரா?"

ஐந்து வயதில் மகள் இயக்குநரிடம் கேட்ட கேள்வி அது. நாடகத்தில் ராஜாவாகச் செத்துக் கிடந்த அவளுடைய தாய்மாமன், கைதட்டல் கேட்டதும் எழுந்து வந்து கும்பிட்டதைப் பார்த்திருந்தாள்.

காவிய நாடகங்களே உலகம் என்றிருந்த இயக்குநர், பிற்பாடு கைப்பணத்தைப் போட்டு ஒரு படம் எடுத்தார். அதிலும் சாகிற வேஷம் மச்சானுக்குத்தான். 'கட்' சொன்ன பிறகும் அவர் அசையவில்லை. எல்லோரும் பதறிப்போய் ஓடினார்கள்.

"யாரும் கை தட்டலையே மச்சான், எப்படி எழுந்திருக்கிறது?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"வெளிச்சம் போகுது, எழுந்திருய்யா! படம் வெளியாகட்டும், வட்டியும் முதலுமா தட்டுறேன்."

"சரி, பாக்கி."

படத்தை எந்தத் தியேட்டரும் எடுக்கவில்லை. மச்சான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. "அடுத்த படத்துல என்னை எப்படிக் கொல்லப்போறீங்க?" என்று மட்டும் சிரிப்பார். புண்ணைத் தொடாமல் பேசுவதும் ஒரு தர்மம்தான். அடுத்த படம் வரவே இல்லை.

இன்று ஆஸ்பத்திரி அறையில் மச்சான் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். வண்டி சொல்ல மகள் வெளியே போனாள். இயக்குநர் கதவைச் சாத்தினார். பக்கத்து அறை நோயாளிகள் விழித்துக்கொள்ளக் கூடாதென்று மெதுவாகக் கை தட்டத் தொடங்கினார். உள்ளங்கை காந்தும்வரை தட்டினார்.

மச்சான் எழுந்திருக்கவில்லை.

துணியின் ஓரத்தைச் சரிசெய்துவிட்டு, மகள் திரும்புவதற்குள் கதவைத் திறந்து வைத்தார்.