ரிப்பனுக்குக் காத்திராத கடல்

அன்று கடல் வற்றுவது விடிந்த கையோடு. துணைவேந்தர் வருவது வெயில் ஏறிய பிறகு. இரண்டில் விட்டுக்கொடுக்க வேண்டியது கடல்தான் என்று கடல் உயிரியல் துறைத்தலைவர் முடிவெடுத்துவிட்டார்.

இறுதியாண்டு மாணவி ஒருத்தியை வகுப்பில் 'நண்டு' என்பார்கள். எந்தப் பாறை இடுக்கிலும் நுழைந்துவிடுவாள். கடைக்கோடிப் பாறையில் ஒட்டியிருக்கும், பூப்போல விரிந்து இரையைக் கவ்வும் கடற்சாமந்திகள்தான் அவள் ஆய்வு. வருஷத்திலேயே கடல் அதிகம் உள்வாங்கும் இந்தக் காலையில்தான் அந்தப் பாறை முழுசாகத் தலைகாட்டும். போன வருஷம் எண்ணியவை கோடையைத் தாண்டிப் பிழைத்தனவா என்று இன்று பார்த்தால்தான் ஆய்வு. இல்லாவிட்டால் ஆய்வேட்டில் வெறும் அட்டைதான் மிஞ்சும்.

அக்கா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டபோது கரையில் பந்தல் தயார். பாறைக்கு இறங்கும் வழியை மறித்து ஒரு சிவப்பு ரிப்பன். களப்பயிற்சியை முறைப்படி தொடங்கிவைக்கும்வரை யாரும் காலை நனைக்கக் கூடாதாம்; மீறினால் செய்முறை மதிப்பெண் தன் கையில் என்று துறைத்தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஏண்டி, உங்க சார் ரிப்பன் வெட்டினாத்தான் கடல் திறக்குமா?" என்றாள் அக்கா.

நண்டு கெஞ்சிப் பார்த்தாள்.

"கடல் எங்கேம்மா போயிடப் போகுது?" என்றார் அவர். கடல் உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

கத்தரிக்கோல் தட்டை ஏந்தி நிற்கும் பொறுப்பு அவளுக்கு. நின்ற இடத்திலிருந்தே பாறை காய்வதைப் பார்த்தாள். பிறகு நனைவதை, பிறகு மூழ்குவதை.

துணைவேந்தர் வந்தார். கடலைப் போன்ற ஆசான் இல்லை என்று அந்த ஆசானுக்கு முதுகைக் காட்டி நெடுநேரம் பேசினார். ரிப்பன் வெட்டுப்பட்டபோது இறங்கும் வழியில் அலை அடித்துக்கொண்டிருந்தது. மாணவர்கள் காய்ந்த மணலில், உயிர்களை எண்ணுவதற்கான சதுரச் சட்டங்களை வைத்து, மணலையே உற்றுப் பார்த்தார்கள். போட்டோகிராபருக்குத் திருப்தி.

"என்னம்மா கண்டுபிடிச்சே?" என்று துணைவேந்தர் அவளைக் கேட்டார்.

துறைத்தலைவர் கண்ணாலேயே கெஞ்சினார். பலிக்காது என்று தெரிந்ததும் கண்ணாலேயே மிரட்டினார்.

"ஒண்ணுமில்ல சார். பாக்க வேண்டியது தண்ணிக்குள்ள போயிடுச்சு. நீங்க வர்ற வரைக்கும் அதைப் பாக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"அதனாலென்ன, நாளைக்குப் பாத்துக்கலாமே" என்றார் அவர், பெருந்தன்மையாக.

"அடுத்த வருஷம் சார்."

தட்டைத் துணைவேந்தர் கையிலேயே கொடுத்துவிட்டுக் கடலில் இறங்கினாள். மார்க் போயிடும்மா என்று பின்னாலிருந்து துறைத்தலைவரின் குரல் கெஞ்சியது. நெஞ்சளவு தண்ணீரில் பாறையைக் கையால் துழாவினாள். வெறும் பாறை. மறுபடி வெறும் பாறை. அப்புறம் வழவழப்பாக ஏதோ ஒன்று விரலைக் கவ்வியது.

"ஒண்ணு" என்றாள், பந்தல்வரை கேட்கும்படி.